குடல் கசிவை அடைக்கும் பொடி: தம்பிக்குக் கிரோன் நோய், வாங்கலாமா?

பாலக்கோட்டுக்காரி | திங்கள், இரவு 9.40

வணக்கம். என் தம்பிக்கு வயது 24. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஓராண்டாக வலது அடிவயிற்றில் வலி, வயிற்றுப்போக்கு. ஆள் பாதியாக இளைத்துவிட்டான். கொலோனோஸ்கோபியில் (கேமராக் குழாயால் குடலுக்குள் பார்ப்பது), சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் புண் தெரிந்தது. குடல் காசநோயாக இருக்கலாம் என்று முதலில் அதற்கான மாத்திரை கொடுத்தார்கள். புண் ஆறவில்லை. மறுபடி உள்ளே பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, கிரோன் நோய் (குடலில் நீடித்த அழற்சி, அதாவது வீக்கமும் புண்ணும்) என்று சொல்லிவிட்டார்கள். இப்போது உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசத்தியோபிரின் மாத்திரையும், படிப்படியாகக் குறைத்துவரும் ஸ்டீராய்டும் சாப்பிடுகிறான். அடுத்து ஊசி மருந்து தேவைப்படலாம் என்கிறார் மருத்துவர்.

இதற்கிடையில் உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "நோய்க்கு வேரே குடலில் விழுந்த ஓட்டைதான். அதை அடைத்துவிட்டால் ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்" என்று ஒரு பொடியைக் காட்டினார். மூன்று மாதத்துக்கு 14,000 ரூபாய். அதற்கு முன் சோனுலின் என்றொரு ரத்தப் பரிசோதனை வேறு செய்ய வேண்டுமாம். அம்மா காதிலிருந்த கம்மலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

குடலில் உள்ளது சுவரைத் தாண்டி உடலுக்குள் கசிகிறது என்னும் இந்தக் குடல் கசிவு உண்மையா, விற்பனைக்குக் கட்டிய கதையா? உண்மையென்றால் மருத்துவர் ஏன் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை?

நெறியாளர் | திங்கள், இரவு 9.55

பொருளின் பெயர், விற்பவர் பெயர் வேண்டாம். இங்கே படித்ததை வைத்து யாரும் மருந்தை நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டாம். மற்றபடி தாராளமாகப் பேசுங்கள்.

மத்தூர் மருத்துவன் | திங்கள், இரவு 11.20

குடல் மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறேன். அக்கா, கசிவு உண்மை. கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள். நான்கைந்து நாளில் அந்த அடுக்கு முழுவதும் புதிதாகிவிடும். அதற்கு ஒரு பக்கம் லட்சம் கோடிக் கணக்கில் பாக்டீரியா. மறுபக்கம் உடலின் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கைக் கிளாடின், ஆக்லூடின் போன்ற புரதங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. இறுக்கம் என்றதும் அடைத்து வைத்த சுவர் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரும் உப்பும் அவ்வழியே போய்வந்தால்தான் குடல் வேலை செய்யும்.

நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஷட்டரை அளவாகத் தூக்கித் தண்ணீர் விடுவது ஒன்று. ஷட்டரின் ஓரத்தில் ரப்பர் தேய்ந்து கசிவது இன்னொன்று. 2017இல் நடந்ததுபோல ஷட்டரே உடைந்து தண்ணீர் பாய்வது மூன்றாவது. கிரோனிலும் பெருங்குடல் புண் நோயிலும் இந்த மூன்றுமே நடக்கின்றன. கிளாடின்-2 என்ற புரதம் கூடிப்போய்ச் சோடியமும் தண்ணீரும் அளவுக்கு மீறிக் கடக்கின்றன. வயிற்றுப்போக்கில் அதற்கும் பங்குண்டு. டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருள் செல்களுக்குள் தசைபோல் உள்ள இழைகளைச் சுருக்கி இடுக்கை அகலமாக்கும்போது பெரிய மூலக்கூறுகள் நுழைகின்றன. புண் விழுந்த இடத்தில் செல்லே இல்லை. அங்கே எதுவும் நுழையும்.

கவனியுங்கள்: இரண்டாவதற்குக் காரணம் டி.என்.எஃப். உங்கள் தம்பிக்கு மருத்துவர் சொல்லும் ஊசி இன்ஃப்ளிக்ஸிமாப் அல்லது அடாலிமுமாப் ஆக இருந்தால், அது அந்த டி.என்.எஃப்.-ஐத்தான் பிடித்துக் கட்டுகிறது. அவர் கசிவைப் பற்றிப் பேசவில்லையே தவிர, கசிவுக்குத்தான் மருந்து எழுதப்போகிறார்.

பென்னாகரம் மூர்த்தி | செவ்வாய், காலை 6.15

எனக்குக் கிரோன் இல்லை, அல்சரேட்டிவ் கொலைடிஸ், அதாவது டாக்டர் சொன்ன பெருங்குடல் புண் நோய். பெருங்குடலில் மட்டும். அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நோய் கிளம்பும் நாட்களில் ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறுவதற்குக்கூடப் பயம். எந்த ஊரில் கழிப்பறை எங்கே என்று மனப்பாடமாகத் தெரியும்.

எனக்கும் குடல் கசிவைப் பற்றி ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தது. சுவரில் ஓட்டை, வெளியே சிவப்புப் புழுக்கள் மாதிரி ஏதோ. டாக்டர், கொலைடிஸிலும் இதே கதைதானா?

ஆய்வக மேசை | செவ்வாய், காலை 10.05

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். மூர்த்தி ஐயா கேட்டதற்கு: கொலைடிஸில் செல் அடுக்குக்கு முன்னால் இன்னொரு காவல் குலைகிறது. அது சளிப்படலம்.

பெருங்குடலில் சளி இரண்டு அடுக்காக இருக்கிறது. வெளி அடுக்கு தளர்வானது. பாக்டீரியா அதில் குடியிருக்கும். உள் அடுக்கு செல்லோடு ஒட்டிய கெட்டியான படலம். நலமான குடலில் அங்கே பாக்டீரியா ஏறத்தாழ இருக்காது. இந்த அமைப்பே 2008இல்தான் எலிகளில் தெளிவாகக் காட்டப்பட்டது. அதுவரை சளியை வெறும் வழவழப்பு என்று நாங்களே வகுப்பில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். மியூசின்-2 என்ற புரதத்தால் ஆன இந்தச் சளியைச் சுரப்பவை கோப்பைச் செல்கள். தீவிரமான கொலைடிஸில் அவை குறைந்து, சளி மெலிந்து, பாக்டீரியா நேரே செல்லைத் தொடுகிறது. உங்கள் பயாப்சி (சதைச் சோதனை) அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கோப்பைச் செல்கள் குறைந்துள்ளன என்ற வரி பெரும்பாலும் இருக்கும்.

கிரோனில் வேறொரு குறை. சிறுகுடல் மடிப்புகளின் அடியில் பானெத் செல்கள் பாக்டீரியாவைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன. 2001இல் கிரோனோடு தொடர்புடைய முதல் மரபணுவாகக் கண்டறியப்பட்ட நாட்-2, அந்தச் செல்களின் வேலையோடு தொடர்புள்ளது. ஆனால் அந்த மரபணு மாற்றங்கள் ஐரோப்பியரிடம் பரவலாக இருப்பவை. நம் மக்களிடம் அரிது. நம் ஊர்க் கிரோனை அதை வைத்து விளக்கிவிட முடியாது.

இப்போது டாக்டர் தம்பியோடு ஒரு சண்டை. "டி.என்.எஃப். இடுக்கை அகலமாக்குகிறது" என்று எழுதினீர்கள். அதாவது அழற்சி முன்னால், கசிவு பின்னால். நோய் வருவதற்கு முன்பே கசிவு இருப்பதை என்ன செய்வீர்கள்? கிரோன் நோயாளிகளின் நலமான உறவினர்களிடமும் குடல் ஊடுருவல் (அதாவது கசிவு) கூடியிருப்பதை 1986இலேயே எழுதிவிட்டார்கள். 2020இல் கனடாவின் ஜெம் ஆய்வு வந்தது. நோயில்லாத 1,420 உறவினர்களைத் தொடர்ந்து கவனித்ததில் 50 பேருக்குக் கிரோன் வந்தது. தொடக்கத்திலேயே ஊடுருவல் கூடியிருந்தவர்களுக்கு வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு.

மத்தூர் மருத்துவன் | செவ்வாய், மதியம் 2.30

அந்த ஆய்வை நானும் படித்தேன், மேடம். கசிவு கூடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிரோன் வரவே இல்லை என்பதும் அதே ஆய்வுக் கட்டுரையில்தானே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அழற்சி அவர்களில் சிலரிடம் முன்பே தொடங்கியிருக்கவும் கூடும்.

நீங்கள் 1986 என்றால் நான் 2009 என்பேன். அந்த இழைகளைச் சுருக்கி இடுக்கை அகலமாக்கும் நொதியை எலியின் குடலில் எப்போதும் இயங்குமாறு மாற்றினார்கள். கசிவு நிரந்தரம். அந்த எலிகளுக்குத் தாமாகக் குடல் நோய் வந்துவிடவில்லை. வளர்ந்தன, குட்டி போட்டன. ஆனால் அழற்சியைத் தூண்டும் அணுக்களைச் செலுத்தியபோது மற்ற எலிகளைவிட வேகமாகவும் கடுமையாகவும் நோய் வந்தது. கசிவு மட்டும் போதாது. கசிவிருந்தால் நோய் முற்றும். இதற்கு மேல் யாராவது "வேரே ஓட்டைதான்" என்று சொன்னால் அவரிடம் பொடி இருக்கிறது என்று பொருள்.

ஆய்வக மேசை | செவ்வாய், மதியம் 3.10

கடைசி வரிக்காக மட்டும் இன்றைக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

ஊத்தங்கரை மூலிகை | செவ்வாய், இரவு 8.00

பொடி விற்பவர்கள் எல்லோரும் திருடர்கள், ஊசி விற்பவர்கள் உத்தமர்கள். அப்படித்தானே? நான் பரம்பரையாக மூலிகை பார்க்கும் குடும்பம். எங்கள் பாட்டன் காலத்தில் காலையில் புளித்த கேழ்வரகுக் கூழ், மதியம் களியும் கீரைக் கடைசலும், இரவு சாமைச் சோறு. யாருக்காவது கிரோன் வந்ததா? இன்றைக்குப் பாக்கெட்டில் விற்பதை எல்லாம் தின்றுவிட்டுக் குடல் கெட்டுவிட்டது என்று கனடாவில் போய் ஆராய்ச்சி செய்கிறார்கள். இதோடு நம் மாவட்டத் தண்ணீரில் ஃபுளோரைடு வேறு.

மத்தூர் மருத்துவன் | செவ்வாய், இரவு 10.45

ஐயா, கோபம் நியாயம்தான். நீங்கள் சொல்வதில் பாதியை நானே வழிமொழிகிறேன்.

நம்மால் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடலில் பாக்டீரியா புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகிறது. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முதன்மையான எரிபொருள். செல்களின் பிணைப்பையும் அது வலுப்படுத்துகிறது. கிரோன் நோயாளிகளின் குடலில் பியூட்டிரேட் தரும் பாக்டீரியா குறைந்திருப்பது பலமுறை பார்க்கப்பட்டது. பாக்கெட் உணவு பற்றியும் நீங்கள் சொல்வது வீண் பேச்சில்லை. ஐஸ்கிரீம், சாஸ் முதலியவற்றில் சேர்க்கும் பாலிசார்பேட்-80, கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் என்ற இரண்டு குழைமப் பொருள்களை (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் வைப்பவை) எலிக்குக் கொடுத்தபோது சளிப்படலத்துக்குள் பாக்டீரியா ஊடுருவியதை 2015இல் காட்டினார்கள். இந்தியா போன்று தொழில்மயமாகிவரும் நாடுகளில் 1990க்குப் பிறகு இந்நோய்கள் கூடிவருகின்றன என்பதும் சரி.

ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நம் ஊரில் அதற்குச் சாட்சி தேடவேண்டியதில்லை, அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. கிரோனை அதன் தலையில் கட்ட ஆதாரம் இல்லை.

பாட்டன் காலத்தில் இல்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. வயிற்றுவலியும் ரத்தப்போக்குமாய் இளைத்துச் செத்தவருக்கு அன்று கொலோனோஸ்கோபி செய்தவர் யார்?

பாலக்கோட்டுக்காரி | புதன், காலை 7.30

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு அணைக் கதையைச் சொன்னேன். கம்மல் காதுக்குப் போய்விட்டது, ஆனால் மனம் இன்னும் பொடியில்தான் இருக்கிறது.

டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்தேன். குளுட்டமின், துத்தநாகம், மஞ்சள், அதிமதுரம் என்று போட்டிருக்கிறது. எந்தப் பொருள் எவ்வளவு என்று இல்லை. "இதெல்லாம் உணவுதானே, மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் என்ன" என்கிறார் உறவுக்காரர். களி விஷயமும் கேட்க வேண்டும். வீட்டில் தினமும் களிதான். தம்பி அதைச் சாப்பிட்டால் சில நாள் வலது பக்கம் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறான்.

மத்தூர் மருத்துவன் | புதன், மதியம் 1.15

களியை முதலில் பேசிவிடுவோம், அக்கா. பொடியைவிட அது அவசரம்.

சாப்பிட்டபின் பிடித்து இழுக்கும் வலி, வயிறு உப்பல், வாந்தி இவை இருந்தால் புண் இருந்த இடத்தில் குடல் குறுகியிருக்கலாம். மருத்துவரிடம் இந்த வலியை இதே சொற்களில் சொல்லுங்கள், சி.டி. அல்லது எம்.ஆர். ஸ்கேனில் குறுகல் தெரியும். குறுகல் இருக்கும்போது உமியும் நாருமான உணவு அங்கே போய் அடைத்துக்கொள்ளும். முழுக் கேழ்வரகு, முருங்கைக்காய்ச் சக்கை, சோளம், தோலோடு நிலக்கடலை, நார் மாம்பழம் எல்லாம் இப்போதைக்கு விலக்கு. அடைப்பு முற்றினால் ஊசியும் பொடியும் உதவாது, அறுவை அறைக்குத்தான் போக வேண்டும்.

பொடியில் உள்ள குளுட்டமின்: குடல் செல்கள் அதை எரிபொருளாகப் பயன்படுத்துவது உண்மை. டெல்லி எய்ம்ஸில், நோய் தணிந்திருந்த கிரோன் நோயாளிகளில் ஒரு சாராருக்குக் குளுட்டமினும் மறு சாராருக்கு மோர்த்தெளிவுப் புரதமும் கொடுத்துப் பார்த்தார்கள், 2012இல் வெளிவந்தது. கசிவு இரு சாராருக்கும் குறைந்தது. குளுட்டமினுக்கென்று தனிச் சிறப்பு ஒன்றும் தெரியவில்லை. துத்தநாகத்துக்குச் சிறிய ஆய்வுகள் உண்டு. குறைபாடு இருந்தால் மருத்துவரே எழுதித் தருவார், மாத்திரை மலிவு.

அதிமதுரம்தான் எனக்கு உறுத்துகிறது. தம்பி ஸ்டீராய்டில் இருக்கிறான். அதிமதுரம் உடலில் பொட்டாசியத்தை இறக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், ஸ்டீராய்டின் வேலையை நீட்டிக்கும். ஏற்கெனவே வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இழப்பவனுக்கு இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

ஊத்தங்கரை மூலிகை | புதன், மதியம் 2.00

அதிமதுரத்தைப் பற்றி அவர் சொல்வது சரி. அளவு போடாமல் அதிமதுரம் கலந்து மூன்று மாதம் கொடுப்பவன் வைத்தியன் இல்லை. எந்த மருந்தோடு சாப்பிடுகிறான் என்று கேட்காமல் நாங்கள் ஒரு வேர்கூடக் கொடுப்பதில்லை.

களிக்கு ஒரு வழி சொல்கிறேன். கேழ்வரகை இரவே ஊறவையுங்கள். காலையில் அரைத்து, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல வெள்ளை வேட்டித் துணியில் பிழிந்து பாலெடுங்கள். துணியில் செந்தவிடு முழுக்க நின்றுவிடும். கீழே விழுவது வழுவழுப்பான பால். அதை அடுப்பில் கைவிடாமல் கிளறிக் கூழாகக் காய்ச்சிக் கொடுங்கள். வாயில் திப்பி தட்டக் கூடாது, தட்டினால் இன்னொரு முறை வடிகட்டுங்கள். உமி இல்லாததால் அடைக்காது. டாக்டர் ஒப்புக்கொள்வாரா?

மத்தூர் மருத்துவன் | புதன், மதியம் 2.20

முழு மனதோடு, ஐயா. அளவாகத் தொடங்கி வலி வருகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குறுகல் இல்லை என்று ஸ்கேன் சொல்லி, நோயும் தணிந்தபின் களிக்குத் திரும்பலாம்.

பென்னாகரம் மூர்த்தி | புதன், இரவு 9.10

சோனுலின் பரிசோதனையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? என்னிடமும் அதைத்தான் முதலில் எடுக்கச் சொன்னார்கள்.

ஆய்வக மேசை | புதன், இரவு 10.30

அது என் பங்கு. சோனுலின் என்பது செல் பிணைப்புகளைத் தளர்த்தும் ஒரு புரதம். 2000ஆம் ஆண்டு அதற்கு அந்தப் பெயர் வந்தது; ஹாப்டோகுளோபின்-2 என்ற ரத்தப் புரதத்தின் முன்வடிவம்தான் அது என்று 2009இல் தெரிந்தது. சிக்கல் என்னவென்றால், கடையில் கிடைக்கும் பரிசோதனைக் கிட்கள் அந்தப் புரதத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை, வேறு புரதங்களை அளந்து எண் கொடுக்கின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பிறவியிலேயே சோனுலினை உருவாக்க முடியாத மரபமைப்பு உள்ளவர்களுக்கும் அந்தக் கிட் ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒருவர் கம்மலை அடகு வைப்பதை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது.

கசிவை அளக்க முறையான வழி இருக்கிறது. லாக்டுலோஸ், மானிட்டால் என்ற இரு சர்க்கரைகளைக் கரைத்துக் குடிக்கவைத்து, சில மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து, இரண்டும் எந்த விகிதத்தில் வெளிவருகின்றன என்று பார்ப்பார்கள். சிறிய மானிட்டால் எளிதில் உள்ளே நுழையும்; பெரிய லாக்டுலோஸ் கசிவு இருந்தால்தான் அதிகமாக நுழையும். ஆனால் இது ஆராய்ச்சிக்கான கருவி. மது அருந்தினாலும், வயிற்றில் கிருமித்தொற்று வந்தாலும், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயிலும் கூடும். கிரோனுக்கு மட்டுமே உரிய அடையாளம் இல்லை.

பரிசோதனைக்குச் செலவழிக்கக் கையில் பணம் இருந்தால் மலத்தில் கால்புரோடெக்டின் பாருங்கள். குடலில் அழற்சி எவ்வளவு என்று அது சொல்லும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி; 250ஐத் தாண்டினால் நோய் கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போடலாமா என்று முடிவெடுக்க மருத்துவருக்கும் அது பயன்படும்.

இரவுப்பணி | வியாழன், அதிகாலை 4.50

நான் செவிலியர். எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வந்தேன். ஒன்றை யாரும் கேட்கவில்லை. தம்பி உடம்புவலிக்கு என்ன மாத்திரை போடுகிறான்?

பாலக்கோட்டுக்காரி | வியாழன், காலை 8.20

இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது மருந்துக்கடையில் முதுகுவலிக்கு என்று வாங்கிக்கொள்வான். முழு அட்டையாக இல்லை, கத்தரித்து இரண்டு மாத்திரையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பார்கள். சட்டைப் பையில் இருந்த துண்டு அட்டையை இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். டைக்ளோஃபெனாக் என்று இருக்கிறது.

இரவுப்பணி | வியாழன், காலை 8.40

அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அக்கா. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இனத்து வலி மாத்திரைகள் நலமானவர்களின் சிறுகுடலிலேயே கசிவை உண்டாக்கும்; ஓரிரு வேளையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். தொடர்ந்தால் புண்ணும் விழும். கிரோன் உள்ளவனுக்கு நோய் திரும்பக் கிளம்ப அது ஒரு வழி. வலி, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். மருந்துக்கடையில் "கிரோன் இருக்கிறது" என்று அவனே வாய்திறந்து சொல்ல வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். கிரோனைப் புகை முற்றவைக்கும்.

மத்தூர் மருத்துவன் | வியாழன், காலை 9.30

அருமையான கேள்வி, சிஸ்டர். பதினான்காயிரம் ரூபாய்ப் பொடியால் அடைக்க நினைத்ததைச் சில ரூபாய் மாத்திரை தினமும் திறந்துகொண்டிருந்திருக்கிறது. இதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மருந்து போதவில்லையா, வலி மாத்திரை கெடுத்ததா என்று அவர் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

பேராசிரியர் மேடத்துக்கு ஒரு சமாதானக் கொடி. புண் ஆறினாலும் கசிவு மிஞ்சியிருந்தால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம் என்று ஜெர்மனியின் எர்லாங்கனில் இருந்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. கொலோனோஸ்கோபிக் குழாய் வழியாகவே நுண்ணோக்கியால் செல் இடுக்குகளைப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் நோய் திரும்புமா என்று கணிப்பதில், புண் ஆறியதைக் கண்ணால் பார்ப்பதைவிடவும் பயாப்சியைவிடவும் கசிவு நின்றதா என்பதே சிறந்த குறியாக இருந்தது. கசிவு அற்பமானது என்று நான் சொல்லவில்லை. அதை நேராக அடைக்கும் மருந்து இன்று கையில் இல்லை. சோனுலினைத் தடுக்கும் லாராசோடைடு என்ற மருந்து சீலியாக் நோய்க்கான இறுதிக்கட்டச் சோதனையில் 2022இல் கைவிடப்பட்டது. அப்படி ஒரு மருந்து வரும்வரை அழற்சியை அடக்கித்தான் கசிவை நிறுத்த வேண்டும்.

பாலக்கோட்டுக்காரி | ஞாயிறு, இரவு 8.15

மருத்துவரிடம் போய்வந்தோம். களி வலியையும் வலி மாத்திரையையும் சொன்னேன். எம்.ஆர். ஸ்கேனில் சிறிய குறுகல் இருக்கிறது. பெரும்பாலும் வீக்கத்தால் வந்தது, தழும்பு இல்லை என்கிறார். அடாலிமுமாப் தொடங்கலாம் என்று முடிவு. அதற்கு முன் மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை, மஞ்சள் காமாலை பி வைரஸ் பரிசோதனை எழுதித் தந்திருக்கிறார். காசநோய் மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டவனுக்கு மறுபடி ஏன் என்று அம்மா கேட்கிறார். பொடிக்காரர் இன்று போன் செய்தார், நான் எடுக்கவில்லை.

இன்னொன்று: ஊசியைப் பெங்களூரில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். எப்படி?

மத்தூர் மருத்துவன் | ஞாயிறு, இரவு 9.00

டி.என்.எஃப்.-ஐக் கட்டினால் உடலில் ஒளிந்திருக்கும் காசநோய்க் கிருமி எழுந்துவிடும். முன்பு முழுக் கால அளவும் சாப்பிட்டானா, பாதியில் கிரோன் என்று நிறுத்தினார்களா என்பதைப் பொறுத்து மருத்துவர் முடிவெடுப்பார். பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துப்போங்கள். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம். அசத்தியோபிரின் இருக்கும்வரை ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தவறாமல் பார்த்துவர வேண்டும். நம் மக்களில் சிலருக்கு அந்த மருந்தில் வெள்ளணு சட்டென்று விழும்.

பென்னாகரம் மூர்த்தி | ஞாயிறு, இரவு 9.25

ஊசி கொண்டுவர நான் சொல்கிறேன், அத்தைக்கு இன்சுலின் சுமந்த அனுபவம். அதற்கும் 2 முதல் 8 டிகிரிதான். சிறிய தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஜெல் பை, ஊசிப் பெட்டிக்கும் ஜெல் பைக்கும் நடுவே மடித்த துண்டு. ஊசி நேராக ஐஸைத் தொடக் கூடாது. உறைந்தால் மருந்து வீண், தூக்கித்தான் போட வேண்டும். காலை முதல் பஸ்ஸில் ஏறுங்கள். பெட்டியை மேல் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் வெயில் படாத பக்கமாக.

பாலக்கோட்டுக்காரி | ஞாயிறு, இரவு 9.40

தெர்மோகோல் பெட்டி தக்காளி மண்டிக்குப் பக்கத்து மருந்துக்கடையில் இருக்கிறது, கேட்டு வைத்துவிட்டேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுகிறேன்.